சேலையும் சொல்லும்: பெண்ணுடை தரித்த ஆடவரைச் சுட்டும் தமிழ் வழக்குகள், பெங்களூர்ச் சூழலை முன்வைத்து

0. முன்னுரை

ஆண் ஒருவர் சேலை உடுத்தியிருக்கிறார். அவரைத் தமிழில் எச்சொல்லால் சுட்டுவது? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்குத் தமிழில் ஒற்றை விடை இல்லை. அவ்வாறு இல்லாமைக்கு மொழி வரலாற்றில் காரணம் உண்டு என்பதையும், அக்காரணத்தை அறியாமல் செய்யப்படும் மொழிபெயர்ப்பு மனிதரைப் பாதிக்கிறது என்பதையும் இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

ஜெர்மானிய மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1910இல் வெளியிட்ட நூலொன்றில், எதிர்ப்பாலின் உடையை அணிய விழைவோரைக் குறிக்க 'டிரான்ஸ்வெஸ்டைட்' என ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லைப் படைத்தார். 'கடந்து' என்னும் பொருளுடைய இலத்தீன் முன்னொட்டையும் 'உடை' என்னும் பொருளுடைய இலத்தீன் பெயரையும் இணைத்த சொல் அது. அச்சொல்லில் மருத்துவமனை வாடை வீசுவதாகக் கருதியவர்கள் பின்னர் 'கிராஸ்டிரஸ்ஸர்' என்பதை விரும்பினர். இரண்டு சொற்களும் உடையை மட்டுமே அடையாளமாகக் கொள்கின்றன. அணிபவர் எதற்காக, எவ்விடத்தில், யார்முன் அணிகிறார் என்பதைச் சொல்வதில்லை. தமிழ் வழக்கோ இதற்கு நேர்மாறானது. இங்கு உடையைச் சுட்டும் சொற்கள் யாவும் உடை அணியப்படும் சூழலையும் சேர்த்தே சுட்டுகின்றன.

இவ்வாய்வுக்குப் பெங்களூர் தக்க களமாகும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் தக்கினி உருதுவும் அன்றாடம் உரசிக்கொள்ளும் நகரம் அது. பெண்ணுடை தரித்த ஆடவர் அங்கே கோயில் விழாவிலும் மேடையிலும் தெருவிலும் காவல் நிலையப் பதிவேட்டிலும் வெவ்வேறு பெயர்களால் அறியப்பட்டுள்ளனர். இச்சூழல்களை ஒவ்வொன்றாக நோக்குவோம். அதற்கு முன் இலக்கண மரபு கூறுவதை அறிதல் வேண்டும்.

1. இலக்கண மரபு

தமிழில் பால் என்பது பெயரளவில் நிற்பதன்று. பயனிலையின் ஈற்றிலும் அது வெளிப்பட்டாக வேண்டும். ஆகவே ஆண்மை திரிந்தோரைப் பற்றிப் பேசப் புகுந்த இலக்கணிகள், எழுவாய்க்கு எந்த வினைமுற்றைத் தருவது என்னும் வினாவைத் தவிர்க்க இயலவில்லை. தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் நான்காம் நூற்பா இதனைக் கையாள்கிறது. ஆண்மை திரிந்தோரைச் சுட்டும் பெயர்களுக்கும் தெய்வத்தைச் சுட்டும் பெயர்களுக்கும் தமக்கென உரிய ஈறு இல்லை. உயர்திணைப் பால்களுக்கு உரிய ஈறுகளையே அவை கொள்ளும் என்பது அதன் கருத்து. பேடியையும் தெய்வத்தையும் ஒரே நூற்பாவில் இணைத்தமை நோக்கத்தக்கது. இரண்டும் உயர்திணையைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் தனி ஈறு இல்லை. அதே இயலின் பிறிதொரு நூற்பா, இத்தகைய பெயர் ஆண்பால் வினைமுற்றை ஏற்காது என வரையறுக்கிறது. எனவே பேடி என்னும் எழுவாய் 'வந்தாள்' என்றோ பலர்பாலில் 'வந்தார்' என்றோ முடியும். 'வந்தான்' என முடியாது.

பதின்மூன்றாம் நூற்றாண்டினதான நன்னூல் இதனை வேறுவகையில் வகுக்கிறது. இதனை இயற்றுவித்த சீயகங்கன், கோலார்ப் பகுதியைத் தன் மரபின் பழம்பதியாகச் சொல்லிக்கொண்ட கங்கர் குடியினன். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால் எனப் பவணந்தியார் பகுக்கிறார். இங்குப் பாலைத் தீர்மானிப்பது உடலுமன்று, உடையுமன்று, அவாவே. பாலிணைவு விதி ஒன்று பேசப்படுபவரின் உள்ளக்கிடக்கையை அளவுகோலாகக் கொண்டிருப்பது மொழியியலார் கருத்தூன்ற வேண்டிய செய்தியாகும்.

ஆயினும் நன்னூலை இக்கால உரிமைச் சாசனமாகக் காட்டுதல் பொருந்தாது. இவ்விரு வகையினரும் அஃறிணையை ஒத்தும் வரலாம் என்று அதே நூற்பா இடந்தருகிறது. இன்று தெருவில் ஒருவரை 'அது' எனச் சுட்டி இகழும் வழக்கிற்கு இலக்கணத்தில் ஒரு கதவு திறந்தே இருந்தது என்பதை மறைத்தல் ஆகாது. 'பேடி' என்னும் சொல்லும் தொடக்கத்திலிருந்தே தூய சுட்டுச் சொல்லாக நிற்கவில்லை. திருக்குறளிலேயே அது போர்க்களத்தில் வாளேந்தியும் பயன்படாத கையை உணர்த்தும் உவமையாக வருகிறது. 'பேடித்தனம்' என்பது இன்று கோழைத்தனத்தைக் குறிக்கிறது. அவ்வகையில், பால் பற்றிய சொல் பண்பு பற்றிய வசைச் சொல்லாயிற்று.

2. கோலம், வேடம், உடை

பெண்ணுடை தரித்தலைக் குறிக்கத் தமிழில் மூன்று பெயர்கள் பயில்கின்றன: கோலம், வேடம், உடை. இவை ஒருபொருட் பன்மொழி அல்ல என்பதை அவை ஏற்கும் வினைகளே காட்டும்.

'கோலம்' கொள்ளப்படும், பூணப்படும். மணக்கோலம், துறவுக்கோலம் என்பன போல் அது ஒருவரின் நிலை மாறியதைப் புறத்தே அறிவிக்கும். மணக்கோலத்தில் நிற்பவரைப் பொய்யர் என எவரும் சொல்வதில்லை. சிலப்பதிகாரம் மாதவியின் பதினோராடலில் ஒன்றாகக் காமன் ஆடிய பேடியாடலைக் கூறுகிறது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை, புகார் நகரத் தெருவில் பேடிக் கோலம் பூண்டு ஆடும் ஒருவரை மக்கள் சூழ்ந்து காணும் காட்சியைத் தருகிறது. தாடி முதலாக வட்டுடை ஈறாக அவ்வாடுநரின் ஒப்பனை அங்கு விரித்துரைக்கப்படுகிறது. துளுநாட்டின் பூதகோலாவிலும் இதே திராவிடச் சொல், தெய்வம் ஏறிய உருவத்தைக் குறித்து நிற்கிறது.

'வேடம்' வடமொழி 'வேஷ' என்பதன் தமிழ் வடிவம். வேடம் போடப்படும், கட்டப்படும், பின்னர் கலைக்கப்படும். கலைப்பது என்னும் வினை, உள்ளே வேறொருவர் இருக்கிறார் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது. இதனால்தான் 'வேஷம் போடுகிறான்' என்பது மேடைக்கு வெளியே வஞ்சகத்தைக் குறிக்கிறது. 'அவர் பெண் வேஷம் போட்டார்' என்னும் தொடர் நாடக விமரிசனத்தில் பாராட்டாகும். காவல் துறை அறிக்கையில் குற்றச்சாட்டாகும்.

'உடை' உடுத்தப்படும், தரிக்கப்படும். சூழலை மிகக் குறைவாகச் சுமப்பது இதுவே. ஆனால் 'உடை' என்பதிலிருந்து அணிபவரைச் சுட்டும் பெயர் எதுவும் வழக்கில் நிலைபெறவில்லை. தமிழ் விவிலியத்தில் உபாகமத்தின் 22ஆம் அதிகாரம் இருபாலாரும் உடை மாற்றி அணிவதை விலக்குகிறது. அங்கும் 'தரித்தல்' என்னும் வினையே ஆளப்பட்டுள்ளது, ஆட்பெயர் இல்லை. செயலுக்கு வினை உண்டு, செய்பவருக்குப் பெயர் இல்லை என்பதே தமிழின் நிலை.

3. கோலம்: திகளர்பேட்டைக் கரகம்

கன்னடத்தில் 'திகளர்' என்னும் சொல் தமிழரைக் குறிக்கப் பழங்காலந்தொட்டு வழங்கியுள்ளது. பெங்களூரின் பழைய பேட்டைப் பகுதியில் வாழ்ந்து தோட்டத் தொழிலில் சிறந்த சமூகத்தாருக்கும் அதுவே பெயராயிற்று. திகளர்பேட்டையில் உள்ள தர்மராய சுவாமி கோயில் இவர்களது. ஆண்டுதோறும் சைத்திர மாத முழுநிலா இரவில் இங்கிருந்து கரகம் புறப்படுகிறது. தமிழ்க் 'கரகம்' கன்னடத்தில் ஈறு கெட்டுக் 'கரக' என நிற்கிறது. கையால் தொடாமல், தலைமேல் தாங்கி, நடத்தல் என அதன் மூன்றெழுத்துகளுக்கும் கன்னடத்தில் பொருள் உரைப்பது மக்கள் வழக்குச் சொற்பிறப்பு விளக்கம். தமிழில் அது நீர்க்கலத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லே.

கரகம் தாங்குபவர் திகளர் குலத்து ஆடவர். திரௌபதியாகக் கருதப்படும் அவர் அன்றிரவு மஞ்சள் சேலையும் வளையலும் குங்குமமும் தாலியும் அணிந்து, மல்லிகைச் சரம் கவிந்த கரகத்தைத் தலையில் ஏற்றி வருகிறார். வாளேந்திய வீரகுமாரர்கள் சூழ்ந்து வருகின்றனர். ஊர்வலம் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குச் சென்று மீள்வது நெடுநாள் வழக்கம்.

இவ்விழாவில் இல்லறத்துக்கும் இடமுண்டு. விழா நாள்களில் கரகம் தாங்குபவரின் மனைவி தாலியையும் வளையலையும் களைந்து ஒதுங்கியிருப்பதும், கணவர் அவற்றை அணிவதும், விழா நிறைந்தபின் மனைவி அவற்றை மீண்டும் பெறுவதும் மரபு. ஆடவரின் உடை மாற்றம் அவரோடு முடியாமல் அவர் மனைவியின் நிலையையும் மாற்றுகிறது என்பதை இம்மரபு வெளிப்படையாக ஏற்றுக்கொள்கிறது. ஒரே தாலி இருவருக்கு ஒரே நேரத்தில் உரியதாக முடியாது என்பது இச்சடங்கின் இலக்கணம்.

தொல்காப்பியர் ஒரு நூற்பாவில் வைத்த இரண்டும் இங்கு ஓர் உடலில் கூடுகின்றன. ஆனால் கரகம் தாங்குபவரை அலி என்றோ பேடி என்றோ எவரும் சொல்வதில்லை. அவர் பூசாரி; அன்றிரவு அவர் தாய். மறுநாள் அவர் வேட்டி உடுத்திய குடும்பத் தலைவர். கோலம் நாளும் பொழுதும் வரையறுக்கப்பட்டது. அவ்வரையறையே அதற்குப் பாதுகாப்பும் ஆகிறது.

வரையறை இல்லாத கோலமும் கர்நாடகத்தில் உண்டு. சவதத்தி எல்லம்மனுக்கு நேர்ந்துவிடப்பட்ட ஜோகப்பர்கள் வாழ்நாள் முழுதும் சேலை உடுத்துவர். அம்மரபிலிருந்து வந்த மஞ்சம்மா ஜோகதி 2019இல் கர்நாடக ஜானபத அகாதெமியின் தலைவரானார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இங்குக் கோலம் கலைவதில்லை. அதனால் பெயர் ஆளோடு ஒட்டிக்கொள்கிறது.

4. வேடம்: ஸ்திரீபார்ட்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் நாடக மேடை 'ராஜபார்ட்', 'ஸ்திரீபார்ட்' என்னும் கலப்புச் சொற்களைப் படைத்தது. வடமொழிப் பெயரோடு ஆங்கிலப் பெயர் இணைந்த இத்தொகைகள் நடிகரைக் குறிக்காமல் அவர் ஏற்கும் பங்கைக் குறித்தன. கன்னட மேடை 'ஸ்திரீபாத்திரதாரி' என்றும் யட்சகானம் 'ஸ்திரீவேஷ' என்றும் வழங்கின. சொற்கள் வேறாயினும் பார்வை ஒன்றே: பெண்மை பாத்திரத்தினது, ஆண்மை நடிகரினது.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற சிறுவர் குழுக்களில், குரல் உடையாத பிள்ளைகள் பெண் வேடம் ஏற்றனர். சிவாஜி கணேசன் சிறுவனாக நாடகக் குழுவில் சேர்ந்தபோது முதலில் ஏற்றது சீதை வேடம். தொழில்முறைக் குழுக்களுக்கு வெளியேயும் இவ்வழக்கம் இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபை, கல்வி கற்று வேறு தொழில் பார்த்த கனவான்களின் சபை. அதில் அவருடைய நாயகன் வேடங்களுக்கு இணையாக நாயகி வேடம் பூண்டவர் அவர் நண்பர் ரங்கவடிவேலு. பெண்ணுடை தரிப்பது மதிப்புக்குறைவு என்னும் எண்ணத்தை மேடை என்னும் சட்டகம் தடுத்து நிறுத்தியது.

சில வேளைகளில் வேடம் கலையாமல் பெயரில் தங்கியது. ஔவையார் நாடகத்தில் கிழவியாக நடித்த தி. க. சண்முகம், 'ஔவை சண்முகம்' என்றே அறியப்பட்டார். பெண்பாற் சிறப்புப் பெயர் ஓர் ஆடவரின் பெயருக்கு அடைமொழியாகிப் பெருமை சேர்த்த அரிய சான்று இது. 1996இல் வெளிவந்த 'அவ்வை சண்முகி' திரைப்படத்தின் பெயர் அதை நினைவூட்டி, விகுதியை மட்டும் மாற்றி நகைச்சுவையாக்கியது. மறுதலையாக, கே. பி. சுந்தராம்பாள் 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தார். பெண் ஆண் வேடம் பூண்டால் அதற்கு வசைச்சொல் உருவாகாமையும் எண்ணத்தக்கது.

மொழிபெயர்ப்பாளருக்கு இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மேடையில் பெண்ணாக நடிப்பதற்கும், ஏமாற்றும் நோக்கில் பிறர் பெயரில் நடந்துகொள்வதற்கும் ஆங்கிலம் 'இம்பர்சனேஷன்' என்னும் ஒரே சொல்லைத் தருகிறது. தமிழ்ச் சட்ட வழக்கில் பின்னதற்கு 'ஆள்மாறாட்டம்' என்பது நிலைத்துவிட்டது. முன்னதற்கும் அதையே ஆள்வோமாயின் கலைஞர் ஒருவர் குற்றவாளியாகிவிடுவார்.

5. உடை: ஜமாத்தின் மொழி

தமிழில் இல்லாத பெயர், தமிழர் பலர் வாழும் வேறொரு பேச்சுவழக்கில் உண்டு. ஹிஜ்ரா சமூகத்தின் குழூஉக்குறி மொழியில் 'சாட்லா' என்பது பெண்ணுடையைக் குறிக்கும். 'கடா சாட்லா' ஆணுடையைக் குறிக்கும். பெண்மை உடையவராகத் தம்மை உணரும் ஆடவர் 'கோதி'. சேலையில் வாழ்பவரைச் சாட்லா கோதி என்றும், சட்டையும் கால்சட்டையும் அணிந்து குடும்பத்தோடும் பணியிடத்தோடும் ஒத்து வாழ்பவரைக் கடா சாட்லா கோதி என்றும் இவ்வழக்கு பிரிக்கிறது. ஆண் துணைவர் 'பந்தி'. அறுவை முடித்த நிலை 'நிர்வாணம்', முடிக்காதவர் 'அக்குவா'. உடை, உடல், உறவு ஆகிய மூன்றையும் தனித்தனிச் சொற்களால் பிரித்துணர்த்தும் இச்சொற்றொகுதியின் துல்லியம் நம் அகராதிகளில் இல்லை.

பெங்களூரில் இவ்வழக்கு தழைத்த இடங்களுள் ஒன்று ஹமாம். வெந்நீர்க் குளியல் நிலையமாக நடந்த இவ்வீடுகளில் குருவும் சேலாக்களும் ஒருங்கே வாழ்ந்தனர். நாமக்கல் பகுதிச் சிற்றூரில் பிறந்து, பின்னர் பெங்களூரில் சங்கமா அமைப்பில் பணியாற்றிய அ. ரேவதியின் தன்வரலாறு இவ்வாழ்வை உள்ளிருந்து காட்டுகிறது. உறவுச் சொற்கள் அங்குப் புதிதாக அடுக்கப்படுகின்றன: குரு, சேலா, குருவின் குருவாகிய நானி, உடன் சேலாவாகிய குருபாய். காலில் விழுந்து வணங்கும் வட மொழித் தொடர் தமிழர் வாயில் 'பாம்படுத்தி' என உருமாறி முகமனாக வழங்குவது ஒலியியல் நோக்கிலும் சுவையானது.

இப்புதிய உறவுச் சொற்களின் தேவை தமிழின் அமைப்பிலேயே உள்ளது. அண்ணன், அக்காள், மாமன், அத்தை என நம் உறவுச் சொற்கள் யாவும் பால் காட்டுவன. விளியில் வரும் 'டா', 'டி' என்னும் இடைச்சொற்களும் அவ்வாறே. பகலில் 'டா' எனவும் மாலையில் 'டி' எனவும் விளிக்கப்படும் ஒருவருக்கு, உடை மாற்றம் என்பது விளிச்சொல் மாற்றமும் ஆகும். மனைவியும் மக்களும் உள்ள ஒருவர் தம் விழைவை மறைத்து வாழ்கையில், அவர் மறைப்பது பெட்டியில் உள்ள சேலையை மட்டுமன்று. தம்மை வேறு பெயரால் விளிக்கும் ஒரு வட்டத்தையே அவர் மறைக்கிறார். திகளர் மரபு அவர் மனைவிக்குத் தருவது போன்ற வரையறுத்த இடம் இங்கு மனைவிக்கு இல்லை. அவரது நிலையைச் சொல்லும் சொல்லும் இல்லை.

பால் காட்டாத இடங்களும் தமிழில் உண்டு. 'நான்', 'நீ' என்பனவும் அவற்றுக்குரிய வினைமுற்றுகளும் பால் உணர்த்துவதில்லை. இந்தியும் உருதுவும் பேசுவோர் 'நான் போகிறேன்' என்று சொல்லும்போதே ஆணா பெண்ணா என அறிவித்தாக வேண்டும்; தமிழருக்கும் கன்னடருக்கும் அக்கட்டாயம் இல்லை. தன்மையில் எழுதப்பட்ட தமிழ்த் தன்வரலாறு ஒன்றில் ஆசிரியர் தம் பாலை வினை ஈற்றில் வெளிப்படுத்தாமலே பல பக்கங்கள் செல்ல முடியும். அதனை இந்தியில் பெயர்ப்பவர் முதல் வாக்கியத்திலேயே முடிவெடுக்க வேண்டும். ரேவதியின் கையெழுத்துப் படி வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 2010இல் முதலில் வெளிவந்தது. தமிழ் மூலம் 'வெள்ளை மொழி' என்னும் பெயரில் 2011இல் வந்தது. மூலத்துக்கு முன் மொழிபெயர்ப்பு அச்சேறிய இந்நிகழ்வு, இத்துறையில் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு எத்தகையது என்பதை உணர்த்தும்.

6. சட்டத்தின் மொழி

1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் தன் தலைப்பிலேயே 'யூனக்' என்போரையும் சேர்த்திருந்தது. ஆண்மையற்றவர் எனத் தாமே ஒப்புக்கொண்டோ மருத்துவச் சோதனையில் தெரிந்தோ உள்ள ஆடவர் அனைவரையும் அச்சொல் அடக்கும் என அது வரையறுத்தது. பதிவு செய்யப்பட்ட ஒருவர் பெண்ணைப் போல் உடுத்தியோ அணிகலன் பூண்டோ பொதுத் தெருவில் தோன்றினால், பிடியாணை இன்றிக் கைது செய்யலாம். ஈராண்டு வரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம். ஐதராபாத் சமஸ்தானம் 1919இல் இதையொட்டித் தனிச் சட்டம் இயற்றியது. தெலங்கானா உயர் நீதிமன்றம் 2023இல் அதனைச் செல்லாது என அறிவித்தது.

இச்சட்டங்களின் தொடரமைப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். பெண்ணுடை தரித்தல் தனித்து நின்று குற்றமாகவில்லை. முதலில் ஓர் ஆட்பெயர் சூட்டப்படுகிறது. அப்பெயர் பதிவேட்டில் ஏறுகிறது. அதன் பின்னரே சேலை குற்றமாகிறது. இதே சேலையை ஸ்திரீபார்ட் நடிகர் உடுத்தலாம், கரகம் தாங்குபவர் உடுத்தலாம். சட்டம் தண்டித்தது உடையையன்று, பெயரையே.

இம்முறை பெங்களூரில் பழங்கதையாகிவிடவில்லை. 1963ஆம் ஆண்டின் கர்நாடகக் காவல் சட்டத்தில் 2011இல் 36ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. 'யூனக்' என்போரின் விரும்பத்தகாத செயல்களைத் தடுக்க அவர்களது பெயரையும் வசிப்பிடத்தையும் பதிவேட்டில் குறிக்கக் காவல் ஆணையருக்கு அது அதிகாரம் தந்தது. சிறுவரைக் கடத்துதல், விதையடித்தல் முதலான ஐயங்களைக் கூறும் அப்பிரிவின் சொற்கள், 140 ஆண்டுகளுக்கு முந்தைய சட்டத்தின் சொற்களையே பெரிதும் ஒத்திருந்தன. இப்பிரிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்கு தொடரப்பட்டது. 2017இல் அவ்வழக்கு முடிவதற்குள் 'யூனக்' என்பது நீக்கப்பட்டு, 'ஆள்' எனப் பொருள்படும் பொதுச்சொல் அவ்விடத்தில் இடப்பட்டது. ஒரு பெயர்ச்சொல்லின் மாற்றமே அங்குத் தீர்வாக அமைந்தது.

அதற்கு முன்பே, கர்நாடக மக்கள் குடியுரிமைக் கழகம் 2003இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, பெங்களூரில் கோதிகளும் ஹிஜ்ராக்களும் காவலர் கையிலும் பிறர் கையிலும் பட்ட வன்முறைகளைப் பதிவு செய்திருந்தது. அவ்வறிக்கை 'கோதி' என்னும் சொல்லைத் தன் தலைப்பிலேயே ஆண்டது. ஆங்கில ஒப்புச்சொல் தேடவில்லை. சொல்லப்படுபவரின் சொல்லையே ஆள்வது என்னும் நெறிக்கு அது நல்ல முன்மாதிரி.

உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று வழங்கிய நால்சா தீர்ப்பு, பாலின அடையாளத்தை உடற்கூற்றுச் சோதனையால் அன்றி உள்ளத்தால் அறிய வேண்டும் என்றது. அவாவை அளவுகோலாக்கிய நன்னூலின் பாகுபாட்டை இது நினைவூட்டுகிறது. எதிர்ப்பாலுடை அணிய விழைவோரையும் அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. ஆனால் 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது அதன் வரையறை கின்னர், ஹிஜ்ரா, அரவாணி, ஜோக்தா ஆகிய சமூகப் பெயர்களை எடுத்துரைத்ததேயன்றி, உடை மாற்றி அணிவோரைப் பெயர் சுட்டிக் குறிக்கவில்லை.

7. சொல்லாக்கமும் மொழிபெயர்ப்பும்

தமிழில் 'அலி', 'பொட்டை', 'ஒன்பது' என்னும் வசைகளுக்கு மாற்றாக, கூத்தாண்டவர் வழிபாட்டை அடியொற்றி 1990களின் பிற்பகுதியில் 'அரவாணி' பரவியது. 2008இல் தமிழ்நாடு அரசு அமைத்த நல வாரியம் அப்பெயரைத் தாங்கியது. பின்னர் 'திருநங்கை' அதன் இடத்தைப் பெற்றது. 'திருநம்பி', 'திருநர்' என்பனவும் தொடர்ந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலை அடுத்து, தமிழ்நாடு அரசு 2022இல் இத்துறைச் சொற்களின் தொகுதியை அரசிதழில் வெளியிட்டது. வசைச் சொல்லை மரியாதைச் சொல் வெல்ல முடியும் என்பதற்கு இருபதாண்டுக் காலத்தில் இதைவிடச் சிறந்த சான்று தமிழில் இல்லை.

ஆயின் இவ்வெற்றியே புதிய சிக்கலைத் தந்துள்ளது. மரியாதைச் சொல் கிடைத்த நிறைவில், ஆங்கிலத்தில் 'கிராஸ்டிரஸ்ஸர்' என வருமிடமெல்லாம் 'திருநங்கை' என இடும் போக்கு மொழிபெயர்ப்புகளில் காணப்படுகிறது. இதனால் இருதரப்பாருக்கும் தீங்கு நேர்கிறது. தம்மை ஆடவராகவே கருதி, விருப்பத்தின் பொருட்டு எப்போதாவது சேலை உடுத்துபவர் தமக்கு உரியதல்லாத அடையாளத்தைச் சுமக்க நேர்கிறது. மனநல ஆலோசகரிடமோ நீதிமன்றத்திலோ அது அவருடைய மணவாழ்வையே கேள்விக்குள்ளாக்கலாம். மறுபுறம், திருநங்கையின் பெண்மை சேலையோடு வந்து சேலையோடு போவது என்னும் பொருள் மறைமுகமாக ஏற்பட்டு, 'இது வேஷம்' என்னும் பழைய இகழ்ச்சிக்கு மொழிபெயர்ப்பே சான்று தருவதாகிவிடுகிறது.

பழைய நூல்களைப் பெயர்ப்போருக்கும் இது பொருந்தும். தமிழ் விவிலியம் 'யூனக்' என்பதை மத்தேயு நற்செய்தியில் 'அண்ணகர்' எனப் பெயர்த்துள்ளது. அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பியரைக் குறிக்கையில் 'மந்திரி' என அவர் பதவியால் சுட்டுகிறது. ஒரே மூலச்சொல்லுக்குச் சூழல் நோக்கி இருவேறு சொற்கள் ஆளப்பட்டமை, அம்மொழிபெயர்ப்பாளர்கள் இச்சிக்கலை உணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டும்.

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று நெறிகளை வகுக்கலாம். முதலாவது, மூலத்தில் உடை எச்சூழலில் அணியப்படுகிறது என்பதை அறிந்த பின்னரே கோலம், வேடம், உடை என்பவற்றுள் ஒன்றைத் தேர்தல் வேண்டும். இரண்டாவது, அடையாளம் தெளிவாகாத இடங்களில் பெயரைத் தவிர்த்து வினையை ஆள்வது தகும். 'பெண்ணுடை தரிப்பவர்', 'சேலை உடுத்துகிறார்' என்னும் தொடர்கள் செயலைச் சொல்லி நிற்கும். ஆளைப் பற்றி முடிவு கூறா. மூன்றாவது, படர்க்கையில் உயர்வு ஒருமையான 'அவர்' பால் காட்டாதது, உயர்திணையில் நிற்பது, இழிவில்லாதது. 'அவன்', 'அவள்', 'அது' என்னும் மூன்றுக்கும் இடையே தடுமாறும் மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் முன்பே தந்திருக்கும் வழி அது. ஆசிரியரோ பாத்திரமோ தம் பாலை வெளிப்படுத்திய பின்னர் அவர் விழைந்த ஈற்றையே ஆளுதல் வேண்டும்.

8. முடிவுரை

பெண்ணுடை தரித்த ஆடவருக்குத் தமிழில் பொதுப்பெயர் இல்லாமை ஒரு குறையாகத் தோன்றலாம். வரலாற்றை நோக்கினால் அது முற்றிலும் குறையன்று. ஒரே சேலை திகளர்பேட்டையில் கோலமாகவும், மேடையில் வேடமாகவும், ஹமாமில் சாட்லாவாகவும், பதிவேட்டில் குற்றத்தின் அடையாளமாகவும் நின்றது. ஆள்பவரின் சட்டம் ஒற்றைப் பெயரைச் சூட்டிய இடத்தில்தான் துன்பம் மிகுந்தது. எனவே ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக ஒரு புதுச்சொல்லைப் படைத்து இவர்கள் அனைவர்க்கும் சூட்டுவதில் விரைவு காட்ட வேண்டியதில்லை. அகராதி தொகுப்போர் மேற்கூறிய சொற்களை அவற்றின் சூழற் குறிப்போடு தனித்தனிப் பதிவுகளாகத் தருவதும், கோதி, சாட்லா, பந்தி முதலிய வழக்குகளைக் கொச்சை என ஒதுக்காமல் சேர்ப்பதும் முதற்பணியாகும். அச்சொற்களால் வாழ்வோரிடம் அவற்றின் பொருளைக் கேட்டறிந்து எழுதும்போதுதான் அப்பதிவுகள் நம்பத்தக்கவை ஆகும்.